வட்டமாக உட்காருங்கள், பாடம் எடுக்காதீர்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்தால் திரும்பத் திரும்ப ஒரே விஷயம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை உள்ள பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு ஆசிரியரையோ வெளியிலிருந்து வரும் ஒரு பெரியவரையோ துணைக்குப் போடும் வழக்கம் நம் ஊர்க் கிறிஸ்தவப் பள்ளிகள் சிலவற்றில் இருக்கிறது. மென்டர் குரூப் என்பார்கள், கேர் குரூப் என்பார்கள், பள்ளிக்குப் பள்ளி பெயர் மாறும். அதை நடத்துகிறவர்கள், அதில் உட்காருகிற பிள்ளைகள், வீட்டிலிருந்து பார்க்கிற பெற்றோர் எல்லாருமே எழுதியிருக்கிறீர்கள். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். யார் பெயரையும் போடவில்லை, ஏரியா மட்டும்.

கேள்வி: அன்புள்ள மிஸ், நான் ஒரு கிறிஸ்தவப் பெண்கள் பள்ளியில் காமர்ஸ் டீச்சர். இந்த வருடம் ஆளுக்குப் பன்னிரண்டு பிளஸ் ஒன் மாணவிகள் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள், எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் கலந்து இருக்கிறார்கள். புதன்கிழமை கடைசி பீரியட். முதல் வாரம் நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று பேசினேன், அடுத்த வாரம் நல்ல நட்பு, அதற்கடுத்து பெற்றோரை மதிப்பது. ராத்திரி உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுத்துக்கொண்டுதான் போகிறேன். பிள்ளைகள் "யெஸ் மிஸ்" என்பதோடு சரி. ஒருத்தி டெஸ்க்குக்கு அடியில் வைத்து ரெக்கார்டு நோட்டு எழுதுகிறாள். என்னதான் செய்வது? (ஆசிரியை, பெரம்பூர்)

பதில்: முதலில் அந்தக் குறிப்பெடுக்கும் வேலையை நிறுத்துங்கள் டீச்சர். காலை அசெம்பிளியில் ஆரம்பித்து ஏழு பீரியட் முழுக்க யாராவது ஒருவர் பேசக் கேட்டுக் கேட்டு வந்த பிள்ளைகள், எட்டாவதாக நீங்களும் பேசினால் காதை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். நீங்கள் பேசியது நல்ல விஷயம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அதைச் சொல்ல நன்னெறி வகுப்பு இருக்கிறது, வேதபாட வகுப்பு இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஆலயம் இருக்கிறது. இந்த நாற்பது நிமிடம் அவர்கள் பேசுவதற்காக ஒதுக்கினது.

அந்த ரெக்கார்டு எழுதுகிற பெண்ணிடமிருந்தே ஆரம்பியுங்கள். நோட்டைப் பிடுங்க வேண்டாம், மேலே வைத்தே எழுதச் சொல்லுங்கள். என்ன ரெக்கார்டு என்று கேளுங்கள். கெமிஸ்ட்ரி, நாளைக்குக் கையெழுத்து வாங்கணும் மிஸ் என்பாள். ஏன் நேற்றே எழுதவில்லை என்று கேட்க வாய் வரும், கேட்காதீர்கள். நேற்று எத்தனை மணிக்கும்மா படுத்தே என்று கேளுங்கள். டியூஷன் முடிந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகவே எட்டரை ஆகிவிட்டது, அம்மாவுக்கு நைட் டியூட்டி, தம்பிக்குக் காய்ச்சல், சோறு வடித்தது, பாத்திரம் துலக்கியது எல்லாம் அவள்தான் என்று ஏதோ ஒன்று மெதுவாக வெளியே வரும். நேரத்தை வீணாக்காதே என்று போன மாதம் நீங்கள் சொன்னபோது இதையெல்லாம் மனதுக்குள் வைத்துக்கொண்டுதான் அவள் "யெஸ் மிஸ்" சொல்லியிருப்பாள். அவளுக்குப் பக்கத்தில் இருப்பவள் "எங்க வீட்லயும் அப்படித்தான் மிஸ்" என்று ஆரம்பிப்பாள் பாருங்கள், அங்கேதான் உங்கள் குழு தொடங்குகிறது.

இடத்தையும் மாற்றுங்கள். கரும்பலகை, மேடை, டீச்சர் நாற்காலி இருக்கிற அறையில் நீங்கள் என்ன செய்தாலும் அது வகுப்புதான். வேப்பேரி, கீழ்ப்பாக்கம் பக்கத்துப் பழைய மிஷன் பள்ளிகள் மாதிரி உங்கள் பள்ளியிலும் நல்ல வராந்தாவோ மரத்தடியோ இருந்தால் அங்கே போய் வட்டமாக உட்காருங்கள், நீங்களும் தரையில். வெயில் தாங்கவில்லை, ஐப்பசி மழை கொட்டுகிறது என்றால் காலியாக இருக்கும் லேப், லைப்ரரியின் ஒரு மூலை. வருகைப் பதிவு, மார்க், "குழுவில் நன்றாகப் பேசுகிறாள்" என்று ரிப்போர்ட் கார்டில் ஒரு வரி, இது எதுவும் கூடவே கூடாது. நிர்வாகம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

பன்னிரண்டு பேர் அதிகம். நாற்பது நிமிடத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் தலைக்கு மூன்று நிமிடம் சொச்சம், அதில் நன்றாகப் பேசத் தெரிந்த மூன்று பேர் முக்கால்வாசி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். இயேசுவுக்கே பன்னிரண்டு சீடர்கள்தானே என்று உங்கள் ஹெச்.எம். சொல்லலாம். அவர் அந்தப் பன்னிரண்டு பேரோடு சேர்ந்து நடந்தார், சேர்ந்து சாப்பிட்டார், நமக்குக் கிடைப்பது வாரம் ஒரு பீரியட். அவரும்கூட பேதுரு, யாக்கோபு, யோவான் மூவரை மட்டும் தனியாக மலைக்குக் கூட்டிக்கொண்டு போனதாகச் சுவிசேஷத்திலேயே இருக்கிறது. காலையிலிருந்து சாயங்காலம் வரை மோசே ஒருவராகவே எல்லார் வழக்கையும் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த அவருடைய மாமனார் எத்திரோ, இப்படிச் செய்தால் நீயும் சோர்ந்துபோவாய், ஜனங்களும் சோர்ந்துபோவார்கள், பத்துப் பத்துப் பேருக்கு ஒரு தலைவரை வை என்று புத்தி சொன்னதும் யாத்திராகமம் 18-ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஆறு ஆறாகப் பிரித்து வாரம் விட்டு வாரம் உட்காருங்கள், அந்த நேரத்தில் மீதி ஆறு பேர் லைப்ரரியில் படிக்கட்டும். எட்டு வரை சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் கடினம்.

என்ன கேட்பது என்று யோசிப்பீர்கள். "ஏதாவது பிரச்சனையா?" என்றால் "ஒண்ணும் இல்ல மிஸ்" என்றுதான் பதில் வரும், உலகத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் அதே பதில்தான். சின்னதாக, குறிப்பாகக் கேளுங்கள். இந்த வாரத்தில் எந்த நாள் திரும்ப வரவே வேண்டாம் என்று நினைத்தாய்? பள்ளியில் எந்த இடத்தில் நிற்க உனக்குப் பிடிக்கவில்லை? முதல் பதிலை நீங்களே சொல்லுங்கள், உண்மையாக, சுருக்கமாக. பதில் சொல்ல விருப்பமில்லாதவள் "அடுத்தவங்க" என்று தாண்டிப் போகலாம் என்பதை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் அமைதி வரும், நீளமாகவே வரும். ஆசிரியர்களான நமக்கு அமைதி என்றால் ஆகாது, உடனே எதையாவது சொல்லி நிரப்பிவிடுவோம். கொஞ்சம் பொறுங்கள். யாரோ ஒருத்தி பேசப்போகிறாள்.

உயிர்த்தெழுந்த இயேசு, எம்மாவு என்கிற ஊருக்குப் போகும் வழியில், தன்னை அடையாளம் தெரியாத இரண்டு சீடர்களோடு நடந்ததை லூக்கா எழுதியிருப்பதை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். சிலுவையில் அறையப்பட்டவரே அவர், எருசலேமில் என்ன நடந்தது என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனாலும் என்ன பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்டு, அவர்கள் முழுக் கதையையும் சொல்லி முடிக்கிற வரைக்கும் விட்டார். விளக்கம் சொன்னதெல்லாம் அதற்கப்புறம்தான். நான் பார்த்த நல்ல வழிகாட்டிகள் எல்லாரும் இந்த வரிசையை மாற்றாதவர்கள்.

இரண்டு மூன்று மாதம் போனபிறகு, வெறும் பேச்சோடு நின்றால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். அப்போது கையில் எடுக்க ஒரு நல்ல முறை இருக்கிறது. பெல்ஜியத்தைச் சேர்ந்த கத்தோலிக்கக் குரு ஜோசப் கார்டின், 1920-களில் ஆலைகளில் வேலை பார்த்த இளைஞர்களோடு சின்னக் குழுக்களாக உட்கார்ந்து உருவாக்கிய முறை அது. நடப்பதை முதலில் பார், அது சரியா என்று விசுவாசத்தின் வெளிச்சத்தில் எடைபோடு, பிறகு ஏதாவது ஒன்றைச் செய். நம் கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒய்.சி.எஸ். என்கிற இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது பழக்கமானதாக இருக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவிகள் குழு எடுத்துக்கொண்ட விஷயம் கழிவறை. சாப்பாட்டு பீரியட் முடிந்தால் இரண்டாவது மாடியில் தண்ணீர் வராது, அதனால் பாதிப் பேர் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள், மாதவிடாய் நாளில் லீவு போடுகிறார்கள். இது அவர்கள் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டதே இல்லை. குழுவில் பேச்சு வந்தபிறகு ஒரு வாரம் எந்த நேரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று குறித்துவைத்தார்கள், மோட்டார் போடுகிற அண்ணனிடம் போய்க் கேட்டார்கள். மேல் தொட்டி காலையில் ஒரே தடவைதான் நிரம்புகிறது என்று தெரிந்தது. எழுதி ஹெச்.எம்.மிடம் கொடுத்தார்கள். மதியம் இன்னொரு தடவை மோட்டார் போட ஏற்பாடானது. நம்மால் ஒன்றை மாற்ற முடியும் என்று பதினாறு வயதில் கண்ணால் பார்த்த பிள்ளைகளுக்குத் தன்னம்பிக்கை பற்றித் தனியாக யாரும் பேச வேண்டியதில்லை.

கேள்வி: வணக்கம் அம்மா. எங்கள் குடும்பம் இந்து. என் அப்பா, நான், இப்போது என் மகன், எல்லாரும் ஒரே கிறிஸ்தவப் பள்ளி. குறை சொல்ல எழுதவில்லை. பையன் பிளஸ் ஒன். வெள்ளிக்கிழமை குழுவில் முதல் பத்து நிமிடம் பைபிள் வாசித்து ஜெபம் செய்கிறார்களாம், ஒரு நாள் இவனையும் வாசிக்கச் சொன்னார்கள், வாசித்துவிட்டான். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவிக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. அந்தக் குழுவில் அவனுக்கு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள், சாரையும் ரொம்பப் பிடிக்கும். போய்ச் சொன்னால் அவனை ஒதுக்கிவிடுவார்களோ என்று தயக்கம். (தந்தை, வில்லிவாக்கம்)

பதில்: ஐயா, தயங்க வேண்டாம், போய்ப் பேசுங்கள். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுபான்மையினர் தங்கள் கல்வி நிறுவனங்களை அமைத்து நடத்த அரசியல் சட்டத்தின் 30(1) பிரிவு உரிமை கொடுக்கிறது, அது பள்ளியின் உரிமை. அதே அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவு, அரசு அங்கீகாரம் பெற்ற அல்லது அரசு உதவி வாங்குகிற எந்தக் கல்வி நிறுவனத்திலும் ஒருவரை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, அவர் சம்மதித்திருக்க வேண்டும், மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதித்திருக்க வேண்டும் என்கிறது. இது உங்கள் மகனின் உரிமை. இரண்டும் ஒரே புத்தகத்தில் இருக்கிறது, ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது.

ஆனால் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போக வேண்டிய கட்டத்தில் நீங்கள் இல்லை. முதலில் மகனிடம் கேளுங்கள், அவனுக்கு அது எப்படி இருக்கிறது என்று. பதினாறு வயதுப் பையன், அவனுக்கென்று ஒரு கருத்து இருக்கும். பிறகு அந்தச் சாரைப் பாருங்கள். குழுவில் அவன் இருப்பது எங்களுக்குச் சந்தோஷம், ஜெபத்தில் சேர்வதும் வாசிப்பதும் மட்டும் அவன் விருப்பத்துக்கு விட்டுவிடுங்கள் சார் என்று நேராகச் சொல்லுங்கள். மனசுள்ள ஆசிரியர் யாரும் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இதை வாசிக்கிற கிறிஸ்தவ ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. நானும் ஜெபிக்கிறவள்தான், பிள்ளைகளுக்காக ஜெபிக்காமல் இந்த ஊழியத்தைச் செய்ய முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் நம் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக வேற்று மதப் பிள்ளைகள்தான் நிறைய, அந்த அப்பா அம்மாக்கள் நம்மை நம்பி வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஜூன் மாதமே, குழு என்றால் என்ன, அதில் ஜெபம் இருக்குமா இருக்காதா, யார் நடத்துகிறார்கள் என்று பெற்றோருக்கு ஒரு கடிதம் அனுப்பிக் கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம். ஜெபத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டால், இருக்க விரும்புகிறவர்கள் இருப்பார்கள், மற்றவர்கள் பையை எடுத்துக்கொண்டு இயல்பாகக் கிளம்புவார்கள். ஆரம்பத்தில் வைத்தால் ஜெபிக்காத பையன் வெளியே வராந்தாவில் பத்து நிமிடம் தனியாக நிற்க வேண்டிவரும், அந்தப் பத்து நிமிடத்துக்குப் பிறகு உள்ளே வந்து அவன் என்ன மனம் திறப்பான்?

கேள்வி: மிஸ், நான் பிளஸ் ஒன். எங்க குழுவில் அப்பா குடிப்பதைப் பற்றி ஒரு நாள் சொன்னேன், அழுதுவிட்டேன். குழு மிஸ் நன்றாகத்தான் பேசினார்கள். ஆனால் ரெண்டு நாள் கழித்து வேறொரு மிஸ் வகுப்பில் எல்லார் முன்னாடியும் "வீட்ல இப்ப எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். இனிமேல் அங்கே வாயே திறக்க மாட்டேன். நான் சொன்னது தப்பா? (மாணவி, ராயபுரம்)

பதில்: இல்லைடா கண்ணா, நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. நம்பிச் சொன்னாய், அதைக் காப்பாற்ற வேண்டியது பெரியவர்களின் வேலை, அதை அவர்கள் செய்யவில்லை. அக்கறையோடுதான் கேட்டிருப்பார்கள் என்று உனக்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. அக்கறை இருந்தால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். முடிந்தால் உன் குழு மிஸ்ஸிடம் தனியாகப் போய், நான் சொன்னது வெளியே போய்விட்டது, எனக்கு வலிக்கிறது என்று சொல். நேரில் சொல்லக் கஷ்டமாக இருந்தால் எழுதிக் கொடு. உடனே திரும்ப மனம் திறக்க வேண்டிய கட்டாயம் உனக்கு இல்லை, கேட்டுக்கொண்டு மட்டும் உட்கார்ந்திருக்கலாம். அப்பா குடித்துவிட்டு வந்து உன்னையோ அம்மாவையோ அடிக்கிறார், வீட்டில் இருக்கவே பயமாக இருக்கிறது என்றால் அது வேறு விஷயம், அதற்கு யார் அனுமதியும் வேண்டாம், 1098-க்குக் கூப்பிடு. குழந்தைகளுக்கான உதவி எண் அது, பதினெட்டு வயது வரை எல்லாரும் கூப்பிடலாம், காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.

இப்போது வழிகாட்டிகளுக்கு. ஸ்டாஃப் ரூமில் டீ குடித்துக்கொண்டே "பாவம் அந்தப் பொண்ணு" என்று ஆரம்பிக்கிற பேச்சுதான் பல குழுக்களைக் கொன்றிருக்கிறது. பெயர் சொல்லாமல் சொன்னாலும் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். ஜெபக் குறிப்பு என்று சொல்லி வெளியே எடுத்துப் போவதும் அதேதான், அதில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

அதே சமயம் "யாரிடமும் சொல்லவே மாட்டேன்" என்று சத்தியமும் செய்யாதீர்கள். முதல் நாளே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், ஆனால் உன்னை யாராவது துன்புறுத்தினாலோ, உன்னை நீயே காயப்படுத்திக்கொள்ளத் தோன்றினாலோ, இன்னொருவர் உயிருக்கு ஆபத்து என்றாலோ நான் உதவி செய்யக்கூடியவர்களிடம் சொல்லியே ஆவேன், அதுவும் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன் என்று. பாலியல் தொல்லை என்றால் இதில் உங்கள் விருப்பத்துக்கே இடமில்லை. 2012-ம் வருடத்துப் போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, விஷயம் தெரியவந்த எவரும் போலீசிடம் தெரிவித்தே ஆக வேண்டும். பள்ளிக்குக் கெட்ட பெயர் வரும், ஃபாதர் பார்த்துக்கொள்வார், உள்ளுக்குள்ளேயே பேசி முடிப்போம் என்று மூடி மறைத்தால் அதுவே தண்டனைக்குரிய குற்றம். இதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன், திருச்சபை நடத்துகிற பள்ளி என்பதால் நமக்குப் பொறுப்பு கூடத்தான் செய்கிறது, குறையவில்லை.

வாழவே பிடிக்கவில்லை என்று ஒரு பிள்ளை சொன்னால் ஒருநாளும் அதை மிரட்டல் என்று தள்ளாதீர்கள், வசனம் சொல்லி வாயடைக்கவும் செய்யாதீர்கள். கூடவே இருங்கள், தனியாக விடாதீர்கள், வீட்டாரிடமும் பள்ளி கவுன்சலரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது, நம் சென்னையிலேயே 1986-லிருந்து தற்கொலைத் தடுப்பு வேலை செய்துவரும் சினேகா அமைப்பு 044-24640050 என்ற எண்ணில் இருக்கிறது. இந்த எண்களைக் குழு நடக்கிற இடத்தில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: நான் ஓ.எம்.ஆரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன், 24 வயது. படித்த பள்ளியிலேயே சனிக்கிழமை காலையில் பிளஸ் டூ பையன்கள் ஏழு பேரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். "அண்ணா அண்ணா" என்று ஒட்டிக்கொண்டார்கள். வாட்ஸ்அப்பில் ராத்திரி ஒரு மணிக்கெல்லாம் மெசேஜ் வருகிறது. ஒருவன் காதல் தோல்வி என்கிறான், ஒருவன் 2,000 ரூபாய் கடன் கேட்கிறான். எங்கே கோடு போடுவது என்று தெரியவில்லை. (மேடவாக்கம்)

பதில்: தம்பி, சனிக்கிழமை தூக்கத்தை விட்டுவிட்டு நீ போகிறாயே, அதற்கே உன்னைப் பாராட்ட வேண்டும். கோட்டை இப்போதே போடு, பையன்களிடம் வாய்விட்டுச் சொல்லியே போடு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் அண்ணா போனைப் பார்க்க மாட்டேன், உயிர் போகிற அவசரம் என்றால் மெசேஜ் போடாதே, கூப்பிடு. தனித்தனியாகச் சாட் செய்வதைக் குறைத்துக்கொண்டு எல்லாரும் இருக்கிற குரூப்பிலேயே பேசு, அந்தக் குரூப்பில் பள்ளி ஆசிரியர் ஒருவரும் இருக்கட்டும். ஒரு பையனோடு தனியாகப் பேச வேண்டி வந்தால் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில், கிரவுண்டு ஓரத்தில் நின்று பேசு, மூடிய அறை வேண்டாம், பைக்கில் ஏற்றிக்கொண்டு பீச்சுக்குப் போவதும் வேண்டாம். இது அவனுக்கும் பாதுகாப்பு, உனக்கும் பாதுகாப்பு. ஏழு பேருடைய பெற்றோருக்கும் உன் முகமும் போன் நம்பரும் தெரிந்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்காதே. ஆனால் எதற்கு 2,000 என்று கேள். பரீட்சைக் கட்டணமா, வீட்டில் கஷ்டமா, ஆன்லைன் விளையாட்டில் விட்டதா? ஒவ்வொன்றுக்கும் போக வேண்டிய இடம் வேறு. கட்டணம் என்றால் ஹெச்.எம்.மிடம் நீயே கூட்டிப் போ, பழைய மாணவர் சங்கம் இதற்குத்தானே இருக்கிறது. காதல் விஷயத்தில் தீர்ப்புச் சொல்லாமல் கேட்டுக்கொள். சிரிக்காதே. அவனுக்கு அது நிஜமான வலி.

பையன்களை எதிரே உட்காரவைத்துப் பேச்சு வாங்குவது கடினம் என்று நீயே கண்டிருப்பாய். அரை மணி நேரம் கிரிக்கெட் ஆடிவிட்டு, வியர்த்து விறுவிறுத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போது தானாகப் பேசுவார்கள். இத்தாலியின் டூரின் நகரத்தில் வேலை தேடி வந்து தெருவில் நின்ற பையன்களைச் சேர்த்து வளர்த்த டான் போஸ்கோ இதை 19-ம் நூற்றாண்டிலேயே கண்டுகொண்டார். பையன்கள் தப்புச் செய்தபின் தண்டிப்பதைவிட, விளையாட்டு மைதானத்திலும் அவர்கள் கூடவே இருந்து தப்புக்கே இடமில்லாமல் பார்த்துக்கொள்வது என்பதுதான் அவருடைய முறை, பகுத்தறிவு, சமயம், அன்பு மூன்றையும் அதற்கு அடித்தளமாகச் சொன்னார். அவருடைய சலேசிய சபையார் 1906-ல் தஞ்சாவூரில் வந்து இறங்கியதிலிருந்து தமிழ்நாட்டில் எத்தனையோ பிள்ளைகள் இந்த முறையில் வளர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்று. வருகிறேன் என்று சொன்ன சனிக்கிழமை வந்துவிடு. ஆபீஸில் ரிலீஸ் வேலை இருக்கிறது, வர முடியாது என்றால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடு. இந்தப் பையன்களில் சிலருக்குச் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆண் ஒருவரைப் பார்ப்பதே புதிதாக இருக்கும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் பிளஸ் ஒன் மாணவர்களையே ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வழிகாட்டியாகப் போடலாம் என்று ஒரு யோசனை. சரிவருமா? (தலைமை ஆசிரியர், தாம்பரம்)

பதில்: சரிவரும், அதுவும் இந்த ஊரில் சரிவராமல் போனால்தான் ஆச்சரியம். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பழக்கம் தெரிந்ததுதான். 1789-லிருந்து எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்கிற ஸ்காட்லாந்துப் பாதிரியார், இந்த ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு தன் பள்ளியிலும் அதைக் கொண்டுவரச் சொன்னார். ஆசிரியர்கள் முரண்டு பிடிக்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் அந்த வேலையைக் கொடுத்தார், அவன் அழகாகச் செய்துவிட்டான். 1797-ல் இதைப் பற்றி லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை "மெட்ராஸ் சிஸ்டம்" என்றே உலகம் சுற்றியது. ஸ்காட்லாந்தில் இன்றும் மெட்ராஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி இருக்கிறது.

ஆனால் இங்கிலாந்தில் அது பரவினது ஒரே ஆசிரியரை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் செலவில்லாமல் சமாளிக்கத்தான், உங்கள் நோக்கம் அதுவாக இருக்கக் கூடாது. பிளஸ் ஒன் பையனுக்குக் கண்காணிக்கும் அதிகாரம் கொடுத்தால் அவன் பெயர் எழுதிக் கொடுக்கும் லீடர் ஆகிவிடுவான். மூன்று சின்னவர்களுக்கு ஒரு பெரியவன், மதியச் சாப்பாடு சேர்ந்து, பள்ளி எப்படிப் போகிறது என்று கேட்பது, அவ்வளவு போதும். ஒரு ஆசிரியர் எப்போதும் கண்ணெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். முக்கியமாக, அந்தப் பெரிய பிள்ளைகளுக்கு முதலில் ஒரு நல்ல குழு கிடைத்திருக்க வேண்டும், தன்னை யாரும் கேட்காத பிள்ளைக்கு இன்னொருவரைக் கேட்க வராது.

கேள்வி: மகள் பிளஸ் டூ. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஜனவரியிலிருந்து குழுவை நிறுத்திவிட்டு அந்த நேரத்தில் ஸ்டடி வைக்கச் சொல்லிப் பெற்றோர் சிலர் கையெழுத்து வாங்குகிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? (தாய், அயனாவரம்)

பதில்: நான் கையெழுத்துப் போட மாட்டேன் அம்மா. அரையாண்டு மார்க் வந்து, ரிவிஷன் டெஸ்ட் தொடங்கி, நீட் கோச்சிங்கும் சேர்ந்து அழுத்துகிற அந்த இரண்டு மூன்று மாதத்தில்தான் பிள்ளைகளுக்கு மூச்சுவிட ஓரிடம் வேண்டும். வாரத்தில் ஒரு பீரியடில் எத்தனை மார்க் கூடிவிடும்? வேண்டுமானால் நாற்பது நிமிடத்தை இருபதாகக் குறைக்கச் சொல்லுங்கள், பாடம், மார்க், கட்-ஆஃப் பற்றி அங்கே யாரும் பேசக் கூடாது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேர்வு முடிந்ததும் குழு முடிந்துவிட்டது என்றும் விட்டுவிட வேண்டாம், மே மாதம் ரிசல்ட் வருகிற அன்றைக்கு வழிகாட்டி ஒவ்வொரு பிள்ளைக்கும் போன் செய்ய வேண்டும் என்று பி.டி.ஏ. கூட்டத்தில் கேளுங்கள். குறைவாக வாங்கிய பிள்ளைகளுக்கு முதலில்.